பேச்சியம்மா கொடுக்காத நம்பர்

போன வாரம் பயிற்சி முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "மேடம், சில பேரு குரூப்ல சேத்துவிடுங்கன்னு நம்மளைத் தேடி வர்றாங்க. சில பேரு கெஞ்சினாலும் நம்பர் தர மாட்டேங்குறாங்க. ரெண்டு பேரும் ஒரே தெருதான். ஏன் மேடம்?" கையில் வடையை வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. "அப்புறம் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அதற்கு எனக்குத் தெரிந்த பதில் எல்லாம் ஒரே ஒரு காலை நேரத்தில் கிடைத்ததுதான். சும்மா கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

நம் தகவல் மையத்தின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'சேர மறுத்ததற்கான காரணம்.' அந்தக் கட்டத்தில் நீங்கள் எல்லோரும் என்ன எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 'விழிப்புணர்வு இல்லை.' நானும் இருபது வருடத்துக்கும் மேலாக அதையேதான் எழுதினேன். எழுதுவதற்குச் சுகமான வார்த்தை. எழுதி முடித்ததும் தப்பு அவர்கள் பக்கம் போய்விடும், நாம் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, சுருளிப்பட்டியில் கைபேசி எச்சரிக்கைத் திட்டம் வந்தது. மழை, சாலை அடைப்பு, யானை நடமாட்டம் எதுவானாலும் பதிவு செய்த குரலில் எல்லோருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். கூடவே திராட்சைக்காரர்களுக்கு வெளியூர் மார்க்கெட் நிலவரமும் போகும். திராட்சைக்காரர்கள் இரண்டே நாளில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர், கைநாட்டுத்தான். அவர்தான் மூன்றாம் நாளே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, நேற்று நீங்கள் சொன்ன நிலவரம் தப்பு என்று சண்டை பிடித்தார். ஏஜெண்ட் வந்து வாயைத் திறப்பதற்கு முன்னால் தனக்கு விலை தெரிந்துவிடுகிறது என்று கண்டுகொண்டார், அவ்வளவுதான். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும்.

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள்தான் சேரவில்லை. தினமும் விடிவதற்குள் மூன்று ஜீப்புகள் சுருளிப்பட்டியிலிருந்து கிளம்பி, கம்பம் வந்து, கம்பம்மெட்டு மலை ஏறிக் கேரளாவுக்குள் போகும். ஜீப்புக்குப் பதினான்கு பெண்கள். அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எச்சரிக்கை யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்கள்தான் இந்த நாற்பத்திரண்டு பேரும். சாயங்காலம் அவர்கள் இறங்கும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். முதல் ஜீப்பை நடத்துவது பேச்சியம்மா. ஆள் சேர்ப்பது, டிரைவரை அதட்டுவது, தோட்டத்துச் சூப்பர்வைசரிடம் பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் மற்றவர்களுக்கும்.

"எங்களுக்கு இது வேணாம் மேடம்."

"ஏம்மா?"

"வேணாம்."

"மழை வந்தா, ரோடு அடைச்சா, யானை நின்னா உங்களுக்கு முன்கூட்டியே தெரியணும்ல?"

"நாங்க தெரிஞ்சுக்கிருவோம் மேடம்" என்று சேலை மடிப்பில் சொருகியிருந்த பட்டன் போனைத் தட்டிக் காட்டினாள். "இது போதும்."

எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சொற்பொழிவு ஆற்றினேன். உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கால் மணி நேரம் பேசினேன். எட்டு மணி நேரம் சரிவில் குனிந்து காய் எடுத்துவிட்டு வந்த பெண்கள் மரியாதைக்காக நின்று கேட்டார்கள். பிறகு அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டார்கள். ஒருத்தி கூட நம்பர் கொடுக்கவில்லை.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. பட்டியலில் நாற்பத்திரண்டு பெயருக்கு எதிரே வெற்றிடம். அப்போது நான் செய்த காரியத்தை இங்கே மூடி மறைக்கப் போவதில்லை. பெண்கள் மலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் வீடு வீடாகப் போனேன். வீட்டுக்காரரிடமும் மகனிடமும் நம்பர் வாங்கினேன். அவர்கள் கையில் டச் போன் இருந்தது, சிரித்த முகமாகக் கொடுத்தார்கள். 'பயனாளியின் கைபேசி எண்' என்ற கட்டத்தில், பேச்சியம்மா என்ற பெயருக்கு நேரே அவள் புருசன் கருப்பையாவின் நம்பரை எழுதினேன். அப்படியே நாற்பத்திரண்டும். ஒரு வீட்டுக்குள் இருக்கும் போன்தானே, யார் கையில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களில் பாதிப் பேர் இப்போதும் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிய வேண்டாம், மேலே படியுங்கள்.

அது ஐப்பசி. இரண்டு நாளாக விடாத மழை. காலை ஐந்து நாற்பதுக்கு என் போன் அடித்தது. பேசியவர் மூக்கையா. தக்காளி ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே போய், இறக்கிவிட்டு விடியற்காலையில் வெறும் வண்டியோடு திரும்புகிறவர். சுருளிப்பட்டிக்காரர். அவர் வண்டியில் நம் மையத்தின் நம்பரை நான்தான் ஒட்டியிருந்தேன்.

"மேடம், ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. நான் மேல மாட்டிக்கிட்டேன், டவரு கெடைக்கிற எடம் வரைக்கும் நடந்து வந்து பேசுறேன். மண்ணு கூடப் பரவால்ல, அதுக்கு மேல ஒரு பாறை பிடிமானம் இல்லாம தொங்குது. கீழருந்து வர்ற வண்டி மண்ணைப் பாத்துட்டு அங்கனயே நிக்கும். நிக்கிற எடம் பாறைக்கு நேர் கீழ. யாரையும் ஏற விடாதீக மேடம்."

நான் கம்பத்தில் என் வீட்டில் இருந்தேன். பதறவில்லை. இதற்காகத்தானே திட்டம்? உடனே செய்தியைப் பதிவு செய்தேன். 'கிடைத்த தகவலின்படி மலைச்சாலையில் மண்சரிவு ஏற்பட்டுள்ளது. பயணத்தைத் தவிர்க்கவும். பாதுகாப்பாக இருக்கவும்.' பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை ஏறியது. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு, சென்றடைந்தது. அடிவாரச் சோதனைச் சாவடிக்குப் போட்டேன். மழையில் அந்த லைன் செத்துக் கிடந்தது. பரவாயில்லை, எல்லோருக்கும்தான் செய்தி போய்விட்டதே என்று காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பச்சையைப் பார்த்துப் பெருமையாகக் கூட இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

ஆறு பத்துக்குக் கருப்பையா பேசினார்.

"மேடம், ரோடு இடிஞ்சிருச்சாமே? இப்பத்தான் எந்திரிச்சு போனைப் பாத்தேன். இவ போயிட்டாளே!"

"எப்பங்க போனாங்க?"

"அஞ்சே முக்காலுக்கு ஜீப்பு கெளம்பிருச்சே. மூணு ஜீப்பும்தான். போனு எங்கிட்டல்ல கெடக்கு?"

நான் பொத்தானை அழுத்தியபோது அந்தப் பெண்கள் வீட்டிலிருந்து நூறடி தூரத்தில் தெருமுனையில், தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு நின்றிருந்தார்கள். என் எச்சரிக்கை நாற்பத்திரண்டு வீட்டுக்குள் தலையணைக்குப் பக்கத்தில் அடித்து ஓய்ந்திருந்தது. இந்நேரம் ஜீப்புகள் கம்பத்தைத் தாண்டியிருக்கும். மழையில் மெதுவாக ஏறினாலும் அந்த வளைவுக்குப் போக இருபது, இருபத்தைந்து நிமிடம். நாற்பத்திரண்டு பெண்களில் ஒருத்தியின் நம்பர் கூட என்னிடம் இல்லை.

டிரைவர்களின் நம்பர் இருந்தது. இரண்டு பேர் போன் அணைந்திருந்தது. மூன்றாவது ஆள் எடுக்கவில்லை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஓட்டுகிறவன் தெரியாத நம்பரை எடுக்க மாட்டான். மறுபடி கருப்பையாவுக்குப் போட்டேன்.

"அவங்க பட்டன் போனுக்கு நீங்க போடுங்க. உடனே!"

"போட்டேன் மேடம், போட்டேன். ஒரு தடவை போட்டேன், எடுக்கல. ஜீப்புல உக்காந்தா அவளுக யாருமே எடுக்க மாட்டாளுக. அவளுகளுக்குள்ள ஏதோ மிஸ்டு கால் கணக்கு இருக்கு. இத்தனை அடிச்சா இதுன்னு. எங்களுக்குச் சொல்ல மாட்டாளுக. அதுவும் அவளுக நம்பருல இருந்து வந்தாத்தான் கணக்கு."

"இன்னைக்கு வேலைக்குப் போகாத ஆளு யாராவது இருக்காங்களா?"

அடுத்த தெருவில் செல்லத்தாயி இருக்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேற்றிலிருந்து போகவில்லை, அவளுக்குப் பதிலாகத்தான் இன்னொருத்தி போயிருக்கிறாள் என்றார். ஓடுங்கள், போனை அணைக்காமல் ஓடுங்கள் என்றேன். அவர் செருப்பில்லாமல் தண்ணீரில் ஓடும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் எனக்குக் கேட்டன. சுவர்க் கடிகாரத்தில் ஆறு பதினாறு.

"யாரு?" என்று ஒரு பெண்குரல் வந்தது.

"தகவல் மையத்துல இருந்து பேசுறேம்மா. கம்பம்மெட்டு ரோடு இடிஞ்சிருச்சு. ஜீப்பை நிறுத்தணும். உங்களுக்குள்ள ஏதோ மிஸ்டு கால் கணக்கு இருக்காமே..."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லையே. யாரு சொன்னா?"

"ஏத்தா, சொல்லித் தொலையேன்!" என்று கருப்பையா கத்தினார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்று அவரை அடக்கிவிட்டு என்னிடம் வந்தாள். "மேடம், போன வருசம் குரூப்பு ஆரம்பிச்சது நீங்கதான?"

"ஆமா."

"எந் தங்கச்சி அதுல நம்பர் குடுத்தா. அதுலயே அந்தத் தோட்டத்துச் சூப்பர்வைசரையும் சேத்து வச்சிருந்தீக. அவன் அதுல இருந்து நம்பரை எடுத்து, ராத்திரி பகல்னு பாக்காம கூப்புட்டுக்கிட்டே இருந்தான். அவ வீட்டுக்காரரு பாத்துட்டு அவளை அடிச்சாக, போனை ஒடச்சாக. இப்ப அவ இங்கனதான் எங்க வீட்டுல கெடக்கா. இப்ப எங்க கணக்கையும் உங்ககிட்டச் சொல்லணுமா?"

அதற்கு முந்தின வருடம் நான் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பெண்கள் சேர்ந்து, ஒரே வாரத்தில் பதினோரு பேரும் விலகிவிட்டார்கள். காரணக் கட்டத்தில் நான் எழுதியது 'ஆர்வமின்மை'. ஒருத்தியிடம் கூடக் கேட்கவில்லை. சூப்பர்வைசரைச் சேர்த்தால் தொடர்புக்கு வசதி என்று சேர்த்ததும் நான்தான். அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் என் முன்னால் வந்து நின்றது. எனக்குத் தெரியாதும்மா என்று வாய் வரைக்கும் வந்தது. அது உண்மைதான். ஆனால் என் உண்மையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

உங்கள் வேலையில் இப்படி ஒரு நிமிடம் என்றைக்காவது வரும். அப்போது விளக்கம் சொல்லாதீர்கள், வாதாடாதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்.

"தப்பு என்னுதும்மா. எங்கிட்ட எதையும் சொல்ல வேணாம். எனக்குக் கணக்கு தெரிய வேணாம். நீயே உன் போன்ல இருந்து அடி. வண்டி நின்னாப் போதும்."

அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. பிறகு அவள் கேட்டாள்:

"யாரு கண்ணால பாத்தாக?"

"மூக்கையா."

"தக்காளி வண்டி மூக்கையாண்ணனா?"

"ஆமா. மேலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பாறை தொங்குதுன்னு அவங்கதான் சொன்னாங்க."

போனை வைத்துவிட்டாள்.

அடித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டு அவள் கையைக் கட்டிப்போடவும் பயம். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது ஆறு நாற்பது. முதல் வளைவைத் தாண்டி இரண்டு ஜீப்புகள் ஓரமாக நின்றுகொண்டிருந்தன. பெண்கள் இறங்கி மரத்தடியில் ஒண்டியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டாவது ஜீப்பும் மூன்றாவது ஜீப்பும்தான். பேச்சியம்மாவின் ஜீப் அவர்களுக்கு முன்னாலேயே மேலே போய்விட்டது.

"அவங்களுக்கும் செல்லத்தாயி அடிச்சிருப்பாளா?" என்று கேட்டேன்.

"அடிச்சிருப்பா. ஆனா மூணாவது வளைவுக்கு மேல டவரு கெடைக்காது மேடம்" என்றாள் ஒருத்தி. அவளுடைய அக்கா அந்த ஜீப்பில் இருந்தாள். அதைச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் மேலே போகப் பார்த்தேன், பெண்கள் விடவில்லை. மூக்கையாவுக்குப் போட்டேன், கிடைக்கவில்லை. மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இத்தனை வருட வேலையில் நான் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறேன், எத்தனையோ மேடையில் தகவல் தொடர்பு பற்றிப் பேசியிருக்கிறேன். அந்த மரத்தடியில் எனக்குத் தெரிந்த தகவல் தொடர்பு எதுவுமே இல்லை. பயந்தேன். ஏழு மணி தாண்டி மேலே இருந்து ஒரு சத்தம் வந்தது. இடி இல்லை. நீளமாக, உருண்டுகொண்டே வந்து நின்றது. இருபத்தெட்டுப் பெண்களும் எழுந்து நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் தாள் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓரமாக இறங்கி வந்தார்கள். நான் வாய்விட்டு எண்ணினேன். பதின்மூன்று வரை வந்து நின்றுவிட்டது. அந்த இரண்டு நிமிடத்தை நான் எழுதப் போவதில்லை. கடைசியாகப் பேச்சியம்மா வந்தாள், டிரைவரைத் திட்டிக்கொண்டே. திருப்ப இடமில்லாத வளைவிலேயே வண்டியை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவன் அடம்பிடித்ததால் இழுத்துக்கொண்டு வரத் தாமதமாம்.

நடந்ததை டிரைவர்தான் கொட்டினான். "ஒண்ணு அடிச்சா வண்டி வந்துருச்சுன்னு அர்த்தம் மேடம். ரெண்டுன்னா இன்னைக்கு வேலை இல்ல. மூணுன்னா மேல செக்கிங்கு, நின்ன எடத்துல நில்லு. எங்களுக்கு ரெண்டு அடிச்சதோட டவரு போயிருச்சு. பாதி மலை ஏறின பெறகு வேலை இல்லேன்னா என்ன கணக்கு? கைதவறி அடிச்சிருப்பாக, போவோம்னேன். இந்தக்கா வண்டி ஓடிக்கிட்டிருக்கையிலேயே எறங்கப் போயிட்டாக. நிறுத்திட்டேன். அங்கருந்து மூணு வளைவு மேலதான் பாறை விழுந்துச்சு."

"செல்லத்தாயி கைதவறி அடிக்கிற ஆளு இல்ல" என்றாள் பேச்சியம்மா. "ரெண்டோ மூணோ, போகாதன்னுதான அர்த்தம்?" பிறகு டிரைவரை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான், எனக்குக் கணக்கு தெரிந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "செல்லத்தாயிக்கு யாரு சொன்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் பெயருக்கு நேரே யார் நம்பரை எழுதினேன் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்க சொன்னது எங்க வீட்டுக்காரவுகளுக்கு. எங்களுக்கு இல்ல."

ஆமாம் என்றேன்.

பதினோரு மணிக்கு மதுரையிலிருந்து எங்கள் திட்ட இயக்குநர் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு டெலிவரி மேடம்! நாப்பத்திரண்டு பேரும் சேஃப்! இதைவிட வேற என்ன வேணும்? ஒரு அம்மா போனைக் கையில பிடிச்சு சிரிக்கிற மாதிரி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்க. இதை வச்சுத்தான் அடுத்த மாசம் ஆண்டிபட்டிப் பக்கம் பூராவும் ஆரம்பிக்கப் போறோம்."

திரையில் இருந்தது உண்மை, பெண்கள் பிழைத்ததும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நான் பொய் சொல்லக்கூட வேண்டாம். பேசாமல் இருந்தாலே பாராட்டு வந்துவிடும். ஆசையாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும் ஆளுக்கு அந்த மாதிரி ஒரு பாராட்டு லேசான விஷயம் இல்லை. ஆனால் ஆண்டிபட்டிப் பக்கத்து மயிலாடும்பாறையிலும் என்னைப் போல ஒருத்தி மாதக் கடைசியில் வீடு வீடாகப் போவாள். அங்கேயும் பெண் பெயருக்கு நேரே ஆண் நம்பர் ஏறும். அங்கேயும் பச்சை வரும். அங்கே ஒரு செல்லத்தாயி வீட்டில் இல்லாமல் போனால்?

சாயங்காலம் அறிக்கை எழுதினேன். 'பட்டியலில் உள்ள நாற்பத்திரண்டு எண்களும் அந்தப் பெண்களுடையவை அல்ல. அவற்றை நான் தவறாக நிரப்பினேன். எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. அவர்கள் தாங்களாகவே வண்டியை நிறுத்திக்கொண்டார்கள்.' இயக்குநர் அரை மணி நேரம் போனில் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்டார். புத்திசாலி மனிதர். அதில் ஏதோ இருக்கிறது, நம் திட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று மோப்பம் பிடித்துவிட்டார்.

"அதை அவங்கதான் சொல்லணும் சார்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நான் சொல்றதுக்கு இல்ல."

மெமோ வந்தது. பிறகு மயிலாடும்பாறைக்கே மாற்றினார்கள். தண்டனையாகத்தான். ஆனால் அங்கே போன முதல் வேலையாகப் பட்டியலில் ஆண் நம்பர் எல்லாவற்றையும் அடித்து நீக்கினேன். எச்சரிக்கையில் 'கிடைத்த தகவலின்படி' என்பதை எடுத்துவிட்டு, இன்னார் பார்த்துச் சொன்னார் என்று பெயரோடு பேசினேன். யாருடைய போன், இரவில் யார் பக்கத்தில் இருக்கும், இந்தக் குழுவில் யார் இருந்தால் நீங்கள் சேர மாட்டீர்கள் என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்குத்தான் பெண்கள் வாயைத் திறந்தார்கள். வேண்டாம் என்கிறவரிடம் ஏற்கெனவே ஏதோ ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு அடி வாங்கியிருப்பார். இரண்டும் இல்லாமல் வேண்டாம் என்ற ஒருவரை நான் மீதி மூன்று வருடத்தில் பார்க்கவே இல்லை. போன வாரம் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இதுதான்.

மாற்றல் ஆகிப் போகும் முன் ஒருநாள் சுருளிப்பட்டிக்குப் போனேன். செல்லத்தாயியின் தங்கையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். நான் கிளம்பும் வரை அவள் உள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் பேச்சியம்மா வந்தாள். கணக்கைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் நன்றியை எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே கணக்கை மாத்திட்டோம் மேடம்" என்றாள். "டிரைவரு உளறிட்டான்ல? கோவிச்சுக்கிறாதீக."

எனக்கு வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய நிம்மதி.

"நல்லதாப் போச்சு. புதுசை எங்கிட்டச் சொல்லிறாதம்மா."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"சொல்ல மாட்டோம் மேடம்."